வளைவில் தங்கியது

பால்மிட்டாய் ஒன்று
என் கடைவாய்ப் பல்லின் தங்க மூடியைக்
கழற்றிக்கொண்டது.
வாய் கொப்பளித்துத் துப்பியபோது
சிணுக்கென்று ஒரு சத்தம்.
வடிகட்டி வாங்க வேண்டும் என்று
ஆறு வருடமாக நினைத்திருந்த துளைக்குள்
போய்விட்டது.

பதினொரு தவணைப் பல்.
ஒன்பது கட்டியாயிற்று,
டாக்டர் பெரேட்டாவுக்கு இரண்டு பாக்கி.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
எனக்குப் போகவில்லை.
அப்போது வந்த சொல்லை
இங்கே எழுத முடியாது, அவ்வளவுதான்.

மோந்தெவிடேயோவில் ஜூலை.
ஆற்றிலிருந்து வரும் காற்று
ஜன்னல் சட்டங்களை ஆட்டிப் பார்க்கிறது.
குழாய்க்காரர் செவ்வாய்க்கு முன் வரமாட்டார்.
ஒரு சொட்டுத் தண்ணீர் விடாதே என்று
எனக்கு நானே உத்தரவிட்டுத்
தொட்டிக்கு அடியில் படுத்தேன்.
வாயில் டார்ச், இடுப்பருகே நீல வாளி.

மடித்த முழங்கால் போல
வெள்ளைக் குழாய்.
மரையை இடப்பக்கமா, வலப்பக்கமா?
படுத்துக்கொண்டு பார்த்தால்
எல்லாம் ஒரே பக்கம்தான்.
அழுகிய மாத்தே இலையின் கறுப்பு
முதலில் என் முழங்கைக்கு வந்தது,
பிறகு வாளிக்கு.

விரல் விட்டுத் துழாவினேன்.
பச்சை ரப்பர் பேண்டு.
பிறந்தநாள் மெழுகுவத்தியின் அடிக்கிண்ணம்.
என் பல்: உடனே தெரிந்தது,
தங்கம் சேற்றிலும் திமிரை விடவில்லை.
அப்புறம் ஒரு பகடை.
எனக்கு எந்த ஆட்டமும் தெரியாது.

வளைவு கழன்ற குழாயின் வாயில்
கட்டிடமே வந்து நின்றது.
மூன்றாம் மாடியில் வதங்கும் வெங்காயம்,
ஒரு கால்பந்து வர்ணனை,
யாருடையதோ இருமல்.
அந்த மடிப்பில் எப்போதும் தேங்கி நின்ற
ஒரு கை நீர்தான்
இத்தனை நாள்
எங்களை அறிமுகமில்லாதவர்களாக வைத்திருந்தது.

மகிழ்ச்சியில் புத்தி மழுங்கும்.
வாளி நீரை எங்கே கொட்டுவது?
பழக்கம் கையைப் பிடித்து அழைத்துப்போனது.
மேலே தொட்டியில் கொட்டினேன்.
கீழே குழாய் இல்லை.
என் காலுறை, என் தரை,
தரையின் விரிசல்,
விரிசலுக்குக் கீழே ஒரு வீடு.

கதவு தட்டினார் வால்டெமார், மூன்றாம் மாடி.
தலையில் கறுப்பாக இரண்டு இலை.
திட்ட வந்தவர்
சமையல் மேடையைப் பார்த்து நின்றுவிட்டார்.
"இது எங்கே கிடைத்தது?"
பல்லைக் காட்டினேன்.
"அது இல்லை."

எனக்கு முன்னால் இங்கே சோசா தம்பதி.
வியாழன்தோறும் ஐந்து பகடை ஆட்டம்.
ஒரு வியாழன் நான்குதான் இருந்தன.
தந்தப் பகடை, மாமனார் கொடுத்தது.
மேசையைச் சுற்றி நான்கு பேர்.
மூன்று பேர் உறவு.
"யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அடுத்த வியாழன் கூப்பிடவும் இல்லை."
பதினாறு வருடம் ஆகிறதாம்.
ஆட்டம் முடிந்து யாரோ
கோப்பைகளைக் கழுவியிருக்கிறார்கள்,
அவ்வளவுதான்.

ஈரத் தரையில் அதை உருட்டினார்.
இரண்டு.
"இப்போதும் எனக்கு நல்லது விழவில்லை"
என்று சிரித்தார்.
அந்தச் சிரிப்பு நிற்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

சோசா இப்போது சால்ட்டோவில், மகள் வீட்டில்.
எண் இருக்கிறதா என்றேன்.
இருந்தது, அழிக்காமல்.
அழைக்கவில்லை.
குழாய் வளைவை எடுத்துக்கொண்டு
தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.
"டார்ச்சைப் பிடியுங்கள். மேலே. இன்னும் மேலே."
மரையைத் திருகினார்,
தேவைக்கு மேலாகவே இறுக்கினார்.

தண்ணீரைத் திறந்தேன்.
வளைவில் மறுபடி ஒரு கை நீர்.
இருமல் நின்றது, வர்ணனை நின்றது,
வெங்காயம் மட்டும் நிற்கவில்லை.
இப்போது படிக்கட்டு வழியே
கருகிக்கொண்டு வந்தது.
"அடுப்பு!" என்று ஓடினார்,
துடைப்பத்தையும் விட்டுவிட்டு.

காபிக் கோப்பையில், சோப்பு நீரில்,
பல்லும் பகடையும்.
திங்கட்கிழமை ஒன்று வாய்க்குள் போகும்.
இன்னொன்றைக் கேட்டு
யாரும் இன்னும் மேலே வரவில்லை.
நாக்கு மட்டும்
வெறும் பள்ளத்துக்குப் போய்ப் போய்த்
திரும்பிக்கொண்டிருக்கிறது.